கரடுமுரடான தடத்தில் காவல் ரோந்து: ஃபோர் பை ஃபோரில் எதை மாட்டலாம், எதை விடலாம்?

கேள்வி. 3 ஜூன், காலை

எங்கள் பிரிவுக்குப் புதிதாக டபுள் கேப் பிக்கப் (இரண்டு வரிசை சீட்டும் பின்னால் தொட்டியும் உள்ள) வண்டிகள் வருகின்றன. மலைத்தடம், ஆற்று மணல், காட்டு வழி எல்லாம் எங்கள் எல்லைக்குள் இருக்கிறது. முன்னால் ஸ்டீல் பம்பர், வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை), 2 இன்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் செட்), மட் டயர் (சேற்று டயர்), மேலே ரேக், பின்னால் கைதிக் கூண்டு என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம் என்பது என் கணிப்பு. பணம் ஒரே தவணையில் வராது. எதை முதலில் மாட்டுவது?

3 ஜூன், இரவு

இப்போதைக்கு ஒன்றையும் மாட்டாதீர்கள் சார். வண்டி வந்த அன்றைக்கே டேங்க் நிறைய டீசல் போட்டு எடை மேடைக்கு ஓட்டிப் போங்கள். மொத்த எடை ஒரு சீட்டு, முன் அச்சு தனியாக ஒரு சீட்டு, பின் அச்சு தனியாக ஒரு சீட்டு. மூன்றையும் ஃபைலில் வையுங்கள். பிறகு பட்டியலைப் பேசலாம்.

காவல் வண்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில்தான் என் வேலைக்காலம் போயிற்று. மேட்டில் ஏற முடியாமல் இழுத்து வரப்பட்ட வண்டிகளைக் காட்டிலும் பாரம் தாங்காமல் ஒடிந்து வந்தவைதான் என் கைக்கு அதிகம் வந்தன.

4 ஜூன், காலை

நேற்று சொன்னதற்குக் கணக்கு கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், உங்கள் எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

டபுள் கேப் பிக்கப் ஒன்றுக்கு ஏற்று பாரம் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூண்டு 220, ஸ்டீல் பம்பர் 60, வின்ச் 40, இரண்டாவது பேட்டரி 25, மேல் ரேக் 35, சுழல் விளக்குக் கட்டை 15, பின் இழுப்பறையும் கருவிகளும் 80, இரண்டாவது ஸ்டெப்னி 35, 20 லிட்டர் டீசல் கேன் இரண்டு 42, தண்ணீர் 40. கூட்டினால் 592. இன்னும் ஒரு ஆள்கூட ஏறவில்லை.

கவச உடை, ஆயுதம், வயர்லெஸ் செட் எல்லாம் சேர்த்து ஒரு காவலருக்கு 110 கிலோ போடுங்கள். இரண்டு பேர் 220. கூண்டுக்குள் இரண்டு பேர் 160. மொத்தம் 972. மீதி 28 கிலோ. மோப்ப நாய் ஏறினாலே வண்டி சட்டவிரோதம்.

இதில் பின் சீட்டில் ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

4 ஜூன், மதியம்

மொத்த எடை வரம்புக்குள் இருக்கிறதே என்று நிம்மதியடையவும் முடியாது. கூண்டு பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் முன் சக்கரத்தைத் தூக்கி, பின் அச்சை அமுக்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் சரியாக அழுந்தாது. அதைச் சமாளிக்கப் பின்னால் ஏர் பேக் ஸ்பிரிங் (காற்று நிரப்பிய ரப்பர் பை) மாட்டுவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்பு பட்டை ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் பிரிந்து இறங்கிய பாரம் இப்போது ஃபிரேமில் ஒரே புள்ளியில் குத்தும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஃபிரேம் வளைந்த டபுள் கேப்களைப் பார்த்திருக்கிறேன். தூரத்தில் நின்று பார்த்தால் போதும், கேபினுக்கும் தொட்டிக்கும் இடையில் உள்ள சந்து மேலே அகன்று, கீழே குறுகித் தெரியும்.

ஸ்பிரிங் மாற்றியதால் வண்டியின் அனுமதி எடை கூடிவிடாது. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

5 ஜூன், காலை

ஒரு தம்பி கேட்டிருக்கிறார், "அப்ப எந்த வண்டி அண்ணா நல்லது?" என்று. இந்தக் கேள்விக்கு ஒரே பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள்.

சுசுகி ஜிம்னி மாதிரி வண்டி 1,100 கிலோ பக்கம்தான். ஏணி ஃபிரேம், திடமான அச்சு, லோ கியர் (மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும் கியர்) எல்லாம் உண்டு. பெரிய வண்டி புதையும் இடத்தில் மேலாகத் தவழ்ந்து போய்விடும். ஆனால் அதில் கைதியை ஏற்ற முடியாது, நான்கு பேர் கிட்டோடு உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஒற்றையடிக்குக் கொஞ்சம் பெரிதான தடத்தில் இரண்டு பேர் ரோந்து என்றால் அதை அடிக்க வேறில்லை.

டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை 1984 முதல் வருகிறது. பின்னால் லீஃப் (பட்டை) ஸ்பிரிங், தடிமனான அச்சு, பாரம் தாங்கும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் போலீஸ் தொலைதூர ஊர்களுக்கு அதையே கூண்டு வைத்து ஓட்டுகிறார்கள். அதன் ட்ரூப் கேரியர் மாடலில் 90 லிட்டர் டேங்க் இரண்டு வந்தது, அந்தத் தூரத்துக்கு அது தேவைதான். குறை சொல்வதென்றால், 2007-இல் வி8 இன்ஜின் வைக்க முன்பக்கத்தை அகலமாக்கினார்கள், பின் அச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். மணலில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது, தனக்கென்று புதிதாக ஒரு தடம் வெட்டும். ஓட்டினவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் தேர்வு செய்யும் நிலையிலேயே இல்லை, பிக்கப் என்று முடிவாகிவிட்டது. ஆகவே இதை இத்தோடு விடுகிறேன்.

5 ஜூன், இரவு

விடவில்லை. தேர்வு செய்யும் நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி.

வண்டி போகிற தடத்தைப் பார்த்து வாங்குவார்கள். போய்ச் சேர்ந்த பிறகு என்ன வேலை என்பதைப் பார்த்து வாங்குங்கள். காயம்பட்டவரைப் படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டுமா, ஆளைப் பிடித்து வர வேண்டுமா, வெறுமனே நின்று கண்காணிக்க வேண்டுமா? மூன்றுக்கும் ஒரே வண்டி என்று கேட்டால் மூன்றையும் அரைகுறையாகச் செய்யும் வண்டிதான் வரும்.

6 ஜூன்

ஞாயிற்றுக்கிழமைக் கதை. லேண்ட் குரூசர் பேச்சு வந்ததால்.

அந்த வண்டியின் பிறப்பிலேயே போலீஸ் இருக்கிறது. ஜப்பானில் 1950-இல் தேசிய போலீஸ் ரிசர்வ் படை உருவானபோது ஜீப் வகை வண்டிக்கு ஆர்டர் வந்தது. டொயோட்டா பிஜே என்று ஒன்றைச் செய்து காட்டியது. ஆர்டர் மிட்சுபிஷி கட்டிய வில்லிஸ் ஜீப்புக்குப் போய்விட்டது. 1951 ஜூலையில் டொயோட்டாவின் சோதனை ஓட்டுநர் இச்சிரோ தைரா பிஜேவை ஃபுஜி மலையின் ஆறாம் நிலை வரை ஏற்றிக் காட்டினார். அதுவரை அங்கே எந்த மோட்டார் வண்டியும் ஏறியதில்லை. பார்த்த போலீஸ் துறை ரோந்துக்காக 289 வண்டி கேட்டது. லேண்ட் குரூசர் என்ற பெயரே 1954-இல்தான் வந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். அந்த பிஜேயில் லோ கியர் டிரான்ஸ்ஃபர் பெட்டியே கிடையாது. 3.4 லிட்டர் லாரி இன்ஜின், மிகத் தாழ்வான முதல் கியர், அவ்வளவுதான். வின்ச்சும் இல்லை, ரேக்கும் இல்லை, கூண்டும் இல்லை. காலி வண்டி.

7 ஜூன், காலை

"அப்ப லோ கியரே வேண்டாமா?" வேண்டும் தம்பி. கதையைக் கதையாகக் கேட்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் கைதியும் கூண்டுமாக இறங்கும்போது லோ முதல் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையில் பிரேக் நாறும், அடுத்த வளைவில் மிதித்தாலும் நிற்காது.

7 ஜூன், மாலை

லோ கியர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புதிதாகச் சாமான் மாட்டி வந்த வண்டி ஒன்று. சேற்றில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் டிரைவர் ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும், வேகமான நிலை) ஆக்சிலேட்டரை மிதித்துக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார். ஏனப்பா லோவில் போடவில்லை என்றால், லீவர் போகவில்லை என்றார். உண்மைதான். லேப்டாப் தாங்கியை கன்சோலில் முறுக்கியவர் லீவரை டூ ஹையில் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வைத்து அளவெடுத்திருக்கிறார். ஃபோர் லோவுக்கு இழுத்தால் லீவரின் குமிழ் தாங்கியின் கம்பத்தில் இடித்து, பல் விழுவதற்கு விரல் அகலம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் கம்பத்தின் கறுப்புப் பெயின்ட் உதிர்ந்து வட்டமாகத் தேய்ந்திருந்தது. அப்படியானால் பலர் பல நாளாக முட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

சாமான் மாட்டியவரிடமிருந்து வண்டியை வாங்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன், எல்லா லீவரையும் எல்லா நிலைக்கும் தள்ளிப் பாருங்கள். சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளுங்கள், உயரமான காவலரை உட்கார வையுங்கள். கூண்டின் தடுப்பு வைத்த பிறகு சீட் சாயாமல் போவது சகஜம். அப்புறம் முழங்கால் டேஷ்போர்டில்தான்.

8 ஜூன்

பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் (தேவைப்படும்போது மட்டும் ஃபோரில் போடும்) வண்டிகளுக்கு மட்டும். நடுவில் டிஃபரென்ஷியல் (இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) இல்லாததால் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். திரும்பும்போது முன் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் இழுக்கும், லீவர் கழற்ற வராது, கடைசியில் ஏதாவது ஒன்று உடையும்.

காவல் வண்டியில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. காட்டுத்தடத்தில் துரத்திக்கொண்டு வந்து தார் ரோட்டில் ஏறும் நேரத்தில் எவன் லீவரைப் பார்ப்பான்? கண் முன்னால் ஓடுகிறவன் மேல்தான் இருக்கும். முடிந்தால் நடு டிஃபரென்ஷியலோடு எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர் எதிர் நோயும் உண்டு. மாதக்கணக்கில் ஃபோரில் போடாமலே விட்டு, தேவைப்படும் நாளில் ஆக்சுவேட்டர் (ஃபோருக்கு மாற்றும் கருவி) இறுகிப்போயிருக்கும். மாதம் ஒரு முறை மண் தடத்தில் கொஞ்ச தூரம் ஃபோரில் ஓட்டச் சொல்லுங்கள். சக்கரத்தில் கையால் திருப்பும் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டும் மூடி) இருந்தால், சேறு தொடங்கும் முன்பே இறங்கித் திருப்ப வேண்டும். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அதைத் தேடுகிற முகங்களை நிறையப் பார்த்தாயிற்று.

9 ஜூன், காலை

டயர். மட் டயர் வேண்டாம், ஆல் டெரெய்ன் (எல்லாத் தடத்துக்குமான டயர்) போதும். ரோந்து வண்டி பெரும்பாலான நேரம் தார் ரோட்டில்தான் ஓடுகிறது. மட் டயர் ஈரத் தாரில் பிரேக் பிடிக்க நீளமாக ஓடும், இரைச்சலில் வயர்லெஸ் கேட்காது. பக்கச்சுவர் தடித்த எல்.டி. (லைட் டிரக்) வகையாகப் பாருங்கள். கல் பகுதியில் கிழிவது தரையில் படியும் பட்டன் இருக்கும் இடமில்லை, பக்கச்சுவர்தான்.

டயரைவிட முக்கியம் காற்று. மணலில் 35 பி.எஸ்.ஐ.யில் போய் மாட்டிக்கொண்ட வண்டி 18-க்கு இறக்கினதும் தானாக வெளியே வருவதைப் பார்த்தவர்கள் வின்ச் பேச்சை எடுக்க மாட்டார்கள். காற்றை இறக்கினால் டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் தரையில் படிகிறது, பாரம் பரவுகிறது. ஆனால் அந்தக் காற்றில் வேகமாகப் போகக் கூடாது, வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் வந்ததும் திரும்ப அடித்தாக வேண்டும். ஆகவே உங்கள் பட்டியலில் இல்லாத கம்ப்ரசர்தான் உங்கள் முதல் செலவு. அதோடு காற்றழுத்தம் பார்க்க ஒரு நல்ல கேஜ், ஆளுயர மண்வெட்டி, மணல் பலகை ஒரு ஜோடி.

9 ஜூன், பிற்பகல்

களிமண் பகுதியில் ரோந்து போகிற ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். நியாயம்தான். ஒட்டுகிற களிமண்ணில் ஆல் டெரெய்ன் பட்டன் இடுக்கு அடைத்து வழுக்கைத் தலையாகிவிடும். அங்கே மட் டயர் தேவை. காலையில் நான் எழுதியதில் "உங்கள் தடம் ஆண்டில் பெரும்பகுதி களிமண்ணாக இல்லாவிட்டால்" என்று சேர்த்து வாசியுங்கள். பிரேக் தூரத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை.

10 ஜூன்

வின்ச் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரோ எழுதியிருக்கிறார்கள். முதலில் வேண்டாம் என்றேன்.

கயிறு கட்ட மரமோ பாறையோ இருக்கும் இடத்தில்தான் வின்ச் பயன்படும். வெட்டவெளி மணலில் 40 கிலோ இரும்பை மூக்கில் சுமந்து திரிவதுதான் மிச்சம். மாட்டினால் வண்டியின் முழு எடையில் ஒன்றரை மடங்கு இழுவை உள்ளதாகப் பாருங்கள். 3,000 கிலோ வண்டிக்கு 4,500. பெட்டியில் எழுதியிருக்கும் எண் உருளையில் முதல் அடுக்குக் கயிறுக்கு மட்டும். கயிறு சுற்றச் சுற்ற இழுவை குறையும். ஆகவே குறைவாகக் கயிறு விட்டு இழுக்காதீர்கள், நிறைய வெளியே விட்டுக் கப்பி போட்டு இரட்டையாக இழுங்கள். வேகம் பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இழுக்கும்போது இன்ஜின் ஓட வேண்டும், 400 ஆம்பியர் வரை உறிஞ்சும்.

ஸ்டீல் கயிறா, சிந்தெடிக்கா? சிந்தெடிக். அறுந்தால் ஸ்டீல் அளவுக்குச் சீறாது, எடையும் குறைவு. வெயிலும் மணலும் அதைத் தின்னும், ஆகவே உறை போட்டு வையுங்கள்.

10 ஜூன், இரவு

இதைத் தனியாக எழுதுகிறேன், யாரும் கடந்து போகக் கூடாது என்பதற்காக.

டோ பாலில் கயிறு மாட்டி இழுக்காதீர்கள். டிரெய்லர் இழுக்கச் செய்த உருண்டை அது. புதைந்த வண்டியை எகிறி இழுக்கும்போது ஒடிந்து பீரங்கிக் குண்டாகப் பறக்கும். இப்படிப் பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பளு எழுதப்பட்ட கொக்கி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று ஃபிரேமோடு போல்ட் செய்யுங்கள். இழுக்கும்போது சுற்றி நிற்பவர்களைக் கயிற்று நீளத்துக்கு அப்பால் விரட்டுங்கள். சீருடையில் இருக்கிறீர்கள், விரட்டினால் போவார்கள்.

11 ஜூன்

லிஃப்ட் பற்றி. 2 இன்ச் தூக்கினால் வயிறு தட்டாது, சரி. பாரமும் மேலே போகும். ஏற்கெனவே ரேக், விளக்குக் கட்டை, ஸ்டெப்னி என்று கூரையில் ஏற்றியிருக்கிறீர்கள். இதே வண்டியில்தான் உங்கள் ஆள் தார் ரோட்டில் துரத்தப் போகிறார். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் பிடிக்கும் அமைப்பு) தொழிற்சாலை உயரத்துக்கு அளந்து வைத்தது, லிஃப்ட் மாட்டியவர் அதைச் சோதித்தாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

அமெரிக்காவில் செவர்லே டாஹோவை போலீசுக்கு இரண்டு விதமாக விற்றார்கள். துரத்தலுக்குத் தகுதி பெற்ற மாடல் தாழ்வான, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. நான்கு சக்கர இழுவை மாடல் "சிறப்புப் பணி" வண்டி, துரத்தலுக்கு இல்லை. 2015 மாடலில்தான் நான்கு சக்கர இழுவையோடும் துரத்தல் தகுதி வந்தது. தயாரித்தவர்களே இவ்வளவு காலம் பிரித்து வைத்ததை நாம் ஒரு ஸ்பிரிங் செட் வாங்கி ஒன்றாக்கிவிட முடியாது. மிச்சிகன் மாநில போலீஸ் ஆண்டுதோறும் போலீஸ் வண்டிகளைத் தடத்தில் ஓட்டி வேகம், பிரேக், சுற்று நேரம் எல்லாம் அளந்து வெளியிடுகிறது. அதைப் படியுங்கள், ஆனால் அங்கே ஓடுவது கூண்டும் ரேக்கும் இல்லாத வண்டி.

உயரம் தேவையென்றால் வரம்புக்குள் ஒரு சைஸ் பெரிய டயர் போடுங்கள், கீழே ஸ்கிட் பிளேட் (வயிற்றைக் காக்கும் தகடு) போடுங்கள். அதோடு விடுங்கள்.

12 ஜூன், காலை

கூண்டு.

2008 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் லாவர்டனிலிருந்து கல்கூர்லிக்குக் கைதி ஒருவரை வேனில் கொண்டு போனார்கள். சுமார் 360 கிலோமீட்டர், ஏறக்குறைய 4 மணி நேரம். வெளியே 40 டிகிரிக்கு மேல் வெயில். பின்பக்க அறையில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை.  அவர் வெப்பத்தாக்கில் இறந்துபோனார்.

அது கைதிகளைக் கொண்டுபோகும் வேன். ஆனால் உங்கள் கூண்டும் அதே இரும்புப் பெட்டிதான். மாட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: உள்ளே வெப்பமானி இருக்கிறதா, அதன் எண் டிரைவர் கண்ணுக்குத் தெரிகிறதா, உள்ளே இருப்பவர் கூப்பிட பொத்தான் இருக்கிறதா, காற்று வழி தூசியை உறிஞ்சுகிறதா, வண்டி கவிழ்ந்தால் கதவை வெளியிலிருந்து எப்படித் திறப்பது? மலைத்தடத்தில் ஆடும் வண்டியில் கை கட்டப்பட்டவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பெல்ட் இல்லாத கூண்டை வாங்காதீர்கள். பட்டியலில் முழுப் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் இதுதான், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

12 ஜூன், இரவு

ஒரு மணி நேரம் ஓடினால் கண்டிப்பாக நிறுத்தி, இறங்கி, திறந்து, முகத்தைப் பார்க்க வேண்டும். கேமரா இருந்தாலும்.

14 ஜூன்

வயர்லெஸ் கேட்கவில்லை என்று கேட்டவருக்கு. உங்கள் செட்டைக் கழற்றுவதற்கு முன் கூரையில் மாட்டிய எல்.ஈ.டி. விளக்குக் கட்டையை அணைத்துப் பாருங்கள். மலிவான எல்.ஈ.டி. உள்ளே இருக்கும் மின்சுற்று, வி.ஹெச்.எஃப். (உங்கள் வயர்லெஸ் பேசும்) அலையில் இரைச்சலைக் கொட்டும். அணைத்ததும் இரைச்சல் நின்றால் நோய் அங்கேதான். இரவில், மலையடிவாரத்தில், பலவீனமான சிக்னலில், உதவி கேட்கும் நேரத்தில்தான் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும் என்பதை யோசியுங்கள்.

ஆன்டெனாவுக்கு நல்ல இடம் உலோகக் கூரையின் நடுப்பகுதி. 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கால் அலை ஆன்டெனா அரை மீட்டர் உயரம் வரும், அதன் அடியில் சுற்றிலும் உலோகத் தரை வேண்டும். ரேக் மாட்டினால் அந்த இடம் போய்விடும், ஆன்டெனாவைப் பம்பருக்குத் துரத்துவார்கள், சிக்னல் எட்டும் தூரம் சுருங்கும். ஃபைபர் மூடியின் மேல் வைத்தால் இன்னும் மோசம். ரேக் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் பாரம், இது என் இரண்டாவது காரணம். மூன்றாவது, மரக்கிளை.

சுழல் விளக்கு பற்றியும்: செம்மண் தூசிக்குள் நீல விளக்கை முழுதாகப் போட்டால் தூசியில் பட்டுத் திரும்பி உங்கள் டிரைவர் கண்ணைத்தான் குத்தும். முன்பக்கத்தை மட்டும் அணைக்கத் தனி சுவிட்ச் வையுங்கள்.

15 ஜூன்

மின்சாரமும் இன்ஜினும். காவல் வண்டி ஓடுவதைவிட நின்று உறுமுவது அதிகம். ஐடிலில் ஆல்டர்னேட்டர் அதன் முழு அளவில் பாதிகூடத் தராது. லேப்டாப், செட், கேமரா, விளக்கு எல்லாம் இரண்டாவது பேட்டரியில் இருக்கட்டும், ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை ஐசொலேட்டர் (இரண்டையும் பிரித்து வைக்கும் சுவிட்ச்) காப்பாற்றட்டும். புதிய டீசல்களில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய சூடான, தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். நாள் முழுக்க ஐடிலும் குறுகிய ஓட்டமும் என்றால் அடைத்து, வண்டி சக்தி குறைந்து முடங்கும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி வர வேண்டும். எரியும் சமயம் அடியில் காய்ந்த புல் மேல் நிறுத்தக் கூடாது.

15 ஜூன், இரவு

தண்ணீர். ஸ்னார்க்கல் (இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) மாட்டியதும் வண்டி படகாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கடக்கக்கூடிய ஆழம் ஏர் சஸ்பென்ஷன் உள்ள புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மி.மீ., ஃபோர்டு ரேஞ்சருக்கு 800, லேண்ட் குரூசர் 70-க்கு 700, ஜிம்னிக்கு 300. தயாரித்தவர் சொல்லும் எண் இது, அதுவும் தேங்கிய தண்ணீரில். ஓடும் தண்ணீரில் முழங்கால் அளவே வண்டியைத் தள்ளும். ஸ்னார்க்கல் இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளும், அச்சுக்குள் போவதை அது தடுக்காது. சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (அச்சின் மூச்சுக்குழாய்) வழியாக, எண்ணெய் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் குழாயை உயரத்துக்கு நீட்டுங்கள், காசு அதிகமில்லை. ஆற்றைக் கடந்து வந்த வாரம் அச்சு எண்ணெயைத் திறந்து பாருங்கள், பாலாடை நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

17 ஜூன்

குண்டு துளைக்காத தகடு போடலாமா என்ற கேள்வி. போடலாம், ஆனால் பிறகு அதை மலை வண்டி என்று சொல்லாதீர்கள். ரைஃபிள் குண்டைத் தாங்கும் தகடும் கண்ணாடியும் முழு வண்டிக்குப் போட்டால் ஒரு டன்னுக்கு மேல் ஏறும். வட அயர்லாந்துப் போலீசின் "ஹாட்ஸ்பர்", "டாங்கி" (Tangi) என்ற பெயருள்ள லேண்ட் ரோவர்கள் தெருக் கலவரத்துக்கென்று கவசம் போட்டுக் கட்டியவை. கதவு, பிரேக், ஸ்பிரிங் எல்லாமே அந்தப் பாரத்துக்கு மாற வேண்டும். சாதாரண வண்டியில் கதவில் மட்டும் தகடு செருகினால் முதலில் கீல் தொங்கும்.

18 ஜூன்

சார், உங்கள் எடைச் சீட்டுகளைப் பார்த்தேன். காலி வண்டியிலேயே பின் அச்சில் நீங்கள் நினைத்ததைவிட இடம் குறைவு. என் யோசனை: கூண்டு நிற்கட்டும், அது வேலை. பட்டியலில் ரேக்கை அடித்துவிடுங்கள், லிஃப்டை அடித்துவிடுங்கள். இரண்டாவது ஸ்டெப்னிக்குப் பதில் டயர் ஒட்டும் பிளக் கிட். வின்ச் ஒவ்வொரு வண்டிக்கும் வேண்டாம், ஒரு வண்டிக்குப் போதும். கரடுமுரடான தடத்துக்கு இரண்டு வண்டிகள் சேர்ந்தே போக வேண்டும் என்று உத்தரவு போடுங்கள், அதில் ஒன்று வின்ச் வண்டியாக இருக்கட்டும். மாட்டிக்கொண்டவரை மீட்கச் சிறந்த கருவி பின்னால் நிற்கும் இன்னொரு வண்டிதான்.

ஸ்டீல் பம்பர் மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். இரவில் மிருகங்கள் குறுக்கே வரும் பாதை என்றால் வேண்டும். அப்போது உங்கள் மாடலின் ஏர் பேக்குக்கு ஒத்துவரும் என்று சான்று உள்ளதை மட்டும்.

20 ஜூன்

கியர் தானியங்கியா, கையாலா? தானியங்கி. இந்த விஷயத்தில் பழைய டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். ஒரு வண்டியை ஷிஃப்டுக்கு ஒருவராகப் பலர் ஓட்டுகிறார்கள், எல்லோருக்கும் அரை கிளட்ச் பழக்கம் ஒன்றுபோல் இருக்காது. மணல் மேட்டின் நடுவில் கியர் மாற்ற கிளட்சை மிதித்த நொடி வண்டி நின்றுவிடும். தானியங்கியில் அந்தப் பிரச்சினை இல்லை. நீண்ட மணலில் லோவில் போட்டு ஓட்டுங்கள், கியர் ஆயில் சூடாகாது.

21 ஜூன்

சீட் கவர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ரோந்து வண்டியில் டிரைவர் சீட்டின் வெளி ஓரம்தான் முதலில் கிழியும். இடுப்பு பெல்ட்டில் இருக்கும் துப்பாக்கி உறையும் லத்தியும் ஏறி இறங்கும்போதெல்லாம் அதே இடத்தில் உரசும். ஆடும் தடத்தில் அந்தத் திண்டு இடுப்பெலும்பில் குத்திக்கொண்டே வரும். பெல்ட்டோடு உட்கார ஓரத்தில் பள்ளம் விட்ட போலீஸ் சீட் கிடைத்தால் வாங்குங்கள், முதுகுவலி விடுப்பில் மிச்சமாகும்.

கிடைக்காமல் கவர்தான் என்றால், அந்த ஓரத்துக்குள் பக்க ஏர் பேக் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் எளிதில் பிரியும் தையல் போட்டதாக எழுதியிருக்கும் கவரை மட்டும் மாட்டுங்கள். தடித்த ரெக்சினை இழுத்துத் தைத்தால் ஏர் பேக் வெளியே வராது.